பன்னிரண்டு பாயிண்ட் பார்டர்

போன மாதம் பதினோரு பேர் என் மறைவுக்கு வருத்தம் தெரிவித்தார்கள். அவர்களில் நான்கு பேரிடம் நானே போனில் பேசினேன். மற்றவர்களுக்கு என் தங்கை பதில் சொன்னாள். அவள் குரல் எப்போதுமே அழுவதுபோல இருக்கும் என்பதால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

நடந்தது இதுதான். திருவனந்தபுரத்தில் முப்பது வருடம் கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். கூட வேலை பார்த்த இளையவர்கள் ஆசையாக ஒரு வாழ்த்துப் படம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நடுவில் என் புகைப்படம். கீழே பகவதி என்று பெயர். அதன் கீழே நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், ஒரு சின்னக் கோடு, ஓய்வு பெறும் வருடம். புகைப்படத்தைச் சுற்றித் தடித்த கறுப்பு பார்டர்.

நாகர்கோவிலில் இருந்த என் அத்தான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வாசலில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "சரி, வந்தது வந்தாச்சு, சாப்பாடு என்ன?" என்றார்.

படம் செய்த அஞ்சுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். இருபத்தாறு வயது, சுறுசுறுப்பான பெண். "சேச்சி, அதுக்கு எந்தா? ஒரு க்ளிக் அல்லே? பார்டர் கொடுத்தா போட்டோ பளிச்சுன்னு எடுத்து நிக்கும்" என்றாள். எடுத்து நின்றதில் சந்தேகமில்லை. ஒரு பார்டர் என்னவெல்லாம் செய்யும் என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லிவிட்டாள். இது அவளுக்காக எழுதியது.

நான் வேலை கற்ற கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. சாலை என்றே பெயருள்ள கடைத்தெருவின் பின்சந்தில் பிறந்தேன். டைப்ரைட்டிங் பாஸ் செய்தேன். ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். ஒன்பது பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பதால் ஆளுக்கு ஏழு நிமிடம்தான் மவுஸ் கையில் இருக்கும். மீதி நேரம் மற்றவர்களின் தப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம். இதுதான் என் படிப்பு. தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும் வேகமாக அடிப்பேன் என்பதால், கிழக்கேகோட்டைப் பக்கம் ஜெபமணி சார் நடத்திய கடையில் என்னை எடுத்துக்கொண்டார்கள்.

ஜெபமணி சார் பாறசாலைக்காரர். அச்சு கோர்க்கும் காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி, நூல் கட்டி எப்போதும் தொங்கும். புரூஃபைக் கையில் வாங்கினால் கண் டாக்டர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூலை மூலையாகப் பார்ப்பார். தப்பு இருந்தால் திட்டவே மாட்டார். எங்கே தப்பு என்றும் சொல்ல மாட்டார். "ஒண்ணுகூடி நோக்கு மோளே" என்று, இன்னொரு முறை பார்க்கச் சொல்லித் திருப்பித் தருவார். நான் எதையாவது மாற்றி எடுத்துக்கொண்டு போவேன். "ஒண்ணுகூடி நோக்கு." ஒரு தடவை ஒன்பது முறை போய் வந்தேன். எட்டாவது முறைக்குள் சரியாக இருந்த இடங்களையெல்லாம் கெடுத்துவிட்டிருந்தேன். அவர் திட்டியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்து மென்பொருளில் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கும் படத்துக்கு பார்டர் போடுவது இப்போதுபோல ஒரு க்ளிக் இல்லை. முதலில் ஸ்கேன் செய்த புகைப்படத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஷிப்ட் விசையை அமுக்கிக்கொண்டு மூலையைப் பிடித்து இழுக்க வேண்டும், இல்லையென்றால் மாப்பிள்ளை முகம் பூசணிக்காய் ஆகிவிடும். பிறகு பெட்டி வரையும் கருவியை எடுத்துப் படத்தின் மேலேயே ஒரு கட்டம் வரைய வேண்டும். கட்டத்தின் உள்ளே நிறம் 'ஒன்றுமில்லை' என்று இருக்க வேண்டும். நான் சேர்ந்த முதல் வாரம் அதை மறந்து, ஒரு கல்யாண மலரில் மணமக்கள் இரண்டு பேரையும் கன்னங்கரேலென்ற சதுரமாக்கிவிட்டேன். கடைசியாக, கோட்டின் தடிமனை பாயிண்ட் கணக்கில் மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு. அதற்கு மேல் அந்த மெனுவில் கிடையாது.

இதில் முக்கியமான சங்கதி, படம் வேறு, பார்டர் வேறு. இரண்டையும் சேர்த்துக் கட்டாமல் படத்தை நகர்த்தினால் படம் மட்டும் போகும், பார்டர் பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு திருவிழா நோட்டீஸில் அம்மனை மேலே நகர்த்தினேன். அம்மனுக்குப் போட்டிருந்த விளக்கு பார்டர் அங்கேயே நின்று, கீழே இருந்த பந்தல் கான்ட்ராக்டர் படத்தைச் சுற்றிக்கொண்டது. நோட்டீஸ் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. அந்தக் கான்ட்ராக்டர் அடுத்த மூன்று வருடமும் எங்களிடமே நோட்டீஸ் அடித்தார். "பழைய மாதிரி மதி, அதே போதும்" என்று மட்டும் சொல்லுவார்.

சுவரில் ஜெபமணி சார் தன் கையால் எழுதி ஒட்டிய பட்டியல் ஒன்று இருந்தது. தெய்வம்: விளக்கு பார்டர். நன்கொடை கொடுத்தவர்: இரட்டைக் கோடு. உயிரோடிருப்பவர்: ஒரு பாயிண்ட். மரித்தவர்: நான்கு பாயிண்ட், அதற்கு மேல். கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

காரணம் இருந்தது. திருவனந்தபுரத்தில் காலையில் பேப்பரைத் திறந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது மரண அறிவிப்புப் பக்கம்தான். மதில், மின்கம்பம், பஸ் ஸ்டாப் எல்லா இடத்திலும் கறுப்பு பார்டர் போட்ட முகங்கள் ஒட்டியிருக்கும். பெயரைப் படிப்பதற்கு முன்பே பார்டரைப் பார்த்து "அய்யோ பாவம்" என்று சொல்லிவிடுவார்கள். எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் பார்டர் எல்லாருக்கும் புரியும்.

இனி என் தலைவேதனைக்கு வருகிறேன்.

சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் சங்கம் ஒன்று வெள்ளிவிழா மலர் போட முடிவு செய்தது. தலைவர் ஆறுமுகம் அண்ணாச்சி, தெருவின் மேற்குக் கோடியில் அரிசி மண்டி. செயலாளர் தாணுமூர்த்தி அண்ணாச்சி, கிழக்குக் கோடியில் கயிற்றுக் கடை. தெரு அவ்வளவு நீளமாக இருந்ததால்தான் இரண்டு பேரும் ஒரே சங்கத்தில் இருக்க முடிந்தது. மலரின் மூன்றாம் பக்கத்தில் இரண்டு பேர் படமும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். நான் பட்டியல்படி ஆளுக்கு ஒரு பாயிண்ட் போட்டேன்.

தாணுமூர்த்தி அண்ணாச்சி புகைப்படம் கொடுக்க வந்தபோது மகள் உமாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் எங்கள் கடையின் மாடிப்படி இறங்கியதும் அந்தப் பெண் குடையை மறந்ததுபோல ஓடி வந்தாள்.

"அக்கா, ஒரு உபகாரம். ரெண்டு பேருக்கும் எல்லாம் ஒரே அளவா போட்டிருங்க, கேட்டீங்களா? எனக்கும் தலைவர் மகன் முருகனுக்கும் பேசி வச்சிருக்கு. வெள்ளிவிழா முடிஞ்ச மறுவாரம் நிச்சயம். போன தடவை மேடையில நாற்காலி உயரத்துக்குச் சண்டை போட்டு மூணு மாசம் பேசல்ல. இனி ஒண்ணு வந்தா கல்யாணம் நின்னிரும் அக்கா."

அவள் கண் நிறைந்திருந்தது. "நான் இருக்கும்போது நீ எதுக்குப் பயந்து பேடிக்கணும்?" என்றேன். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அந்த வயதில் மனிதர்கள் இப்படியெல்லாம் வாக்குக் கொடுப்பார்கள்.

மறுநாள் ஜெபமணி சார் மகளின் பேறுகாலத்துக்காக மதுரைக்குப் புறப்பட்டார். ஒரு வாரம். போகும்போது வாசலில் நின்று, "பகவதி, எது வேணாலும் செய்யி. உயிரோட உள்ள ஒருத்தனும் நாலு பாயிண்டு தொடப்பிடாது. கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன். கேட்கத்தான் செய்தேன்.

திங்கள்கிழமை தலைவர் புரூஃப் பார்க்க வந்தார். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளே, தலைவருன்னு ஒருத்தன் இருந்தா அவனுக்கு ஒரு கனம் வேண்டாமா?"

மடியிலிருந்து ஒரு சிட்டிகை ரவை எடுத்து, அதில் ஒரு மணியை என் புரூஃபில் பார்டர் மேல் வைத்தார். "இந்தத் தடி போதும். நான் பேராசைக்காரன் இல்ல." இரண்டு பாயிண்ட். நான்கு இல்லையே என்று போட்டுக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை செயலாளர் வந்தார். அவர் ரவையெல்லாம் கொண்டுவரவில்லை. சாக்கு தைக்கும் சணல் ஒரு துண்டு கொண்டுவந்து படத்தைச் சுற்றி வைத்துக் காட்டினார். "ஓடியாடி வேலை செய்யுதவன் நான். அவரு மாலை வாங்கதுக்கு மட்டும் வருவாரு." சணல் சரியாக நான்கு பாயிண்ட்.

"அண்ணாச்சி, அந்தத் தடி வேற ஆட்களுக்கு உள்ளது" என்றேன்.

"எந்த ஆட்களுக்கு?"

வெள்ளிவிழா கொண்டாட வந்திருக்கிற, நெற்றியில் சந்தனம் வைத்த, அறுபது வயது மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? வாயில் சொல் வரவில்லை. "ரொம்பப் பெரிய ஆட்களுக்கு" என்றேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான்கே போட்டுக் கொடுத்தேன்.

நாற்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் இவர்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று அஞ்சு கேட்பாள். இரண்டு பேரும் பேப்பரில் படிப்பது சந்தை விலை மட்டும்தான். தவிர, தன் படத்துக்குத் தடி போதவில்லை என்று நினைக்கும் மனிதனுக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

புதன்கிழமை தலைவர் பச்சரிசியோடு வந்தார். ஆறு பாயிண்ட். வியாழக்கிழமை செயலாளர் கயிற்றோடு வந்தார். எட்டு. ஒவ்வொரு தடவையும் பழைய பார்டரை அழித்துப் புதுசு வரைந்து, படத்தோடு சேர்த்துக் கட்டி, புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். நடுவில் உமா ஒரு நாள் போன் செய்து, "அக்கா, எல்லாம் ஒரே அளவுதானே?" என்று கேட்டாள். "கிட்டத்தட்ட" என்றேன். நான் வாக்குக் கொடுத்த பெண்ணின் கல்யாணம் என் மவுஸ் முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெபமணி சார் சனிக்கிழமை வந்துவிடுவார். வேலை போகும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினால்தான் அச்சுக்குப் போகும். நானே புரூஃபை எடுத்துக்கொண்டு சாலைக்கு நடந்தேன். முதலில் கயிற்றுக் கடை. செயலாளர் தன் எட்டையும் தலைவரின் ஆறையும் ஆசை தீரப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். "ஒரு காப்பி எனக்குத் தா" என்று வாங்கி, பசை தேய்த்துக் கடைத் தூணில் தெருவைப் பார்க்க ஒட்டினார். "போறவன் வாறவன் எல்லாம் பாக்கட்டு." பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். வேலையாள் உள்ளே சணல் மூட்டை மேல் தூங்கிவிட்டதால் அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்.

இங்கே சாலையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தெருவில் ஒரு வியாபாரி இறந்துபோனால் எல்லாக் கடைகளும் ஷட்டரைப் பாதி இறக்கும். யாரும் சொல்ல வேண்டாம். பக்கத்துக் கடை இறக்கினால் நாமும் இறக்க வேண்டும். யார் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

சுமடு தூக்கும் மலையாளத் தொழிலாளிகள் அந்த வழியாக வந்தார்கள். தூணில் இரண்டு முதலாளிகளின் படம். கீழே தமிழில் என்னவோ எழுதியிருக்கிறது, அது அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. சுற்றிலும் கறுப்பு பார்டர். கடை பாதி இறங்கியிருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டு பேரும் ஒன்றாகப் போயிருப்பதால் கார் விபத்து என்று முடிவாகிவிட்டது. அவர்கள் ஒரே காரில் ஏறவே மாட்டார்களே என்று ஒரு பாத்திரக் கடைக்காரர் மட்டும் சந்தேகம் கேட்டாராம். அவரும் கேட்டுக்கொண்டே ஷட்டரை இறக்கினார்.

இதொன்றும் தெரியாமல் நான் மேற்குக் கோடியில் ஆறுமுகம் அண்ணாச்சியின் மண்டியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் செயலாளரின் எட்டைப் பார்த்துவிட்டார். மூக்கு விடைத்தது. எழுந்து போய் ஒரு மூட்டையில் கைவிட்டு, ஒரு துவரம்பருப்பு கொண்டுவந்து புரூஃபில் வைத்தார்.

"இது எத்தன வரும்?"

"பன்னிரண்டு, அண்ணாச்சி."

"அதுக்கு மேல உண்டா?"

"இல்ல."

"அப்பம் அதப் போடு. போடாம மலர் வெளிய வராது. சம்பந்தமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அவன் வீட்டுப் பெண்ணு என் வீட்டுப் படி ஏறாது."

உமாவின் முகம் கண் முன்னால் வந்தது. அந்தத் தடி இறந்தவர்களுக்கு உள்ளது என்பதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது கிழக்கே ஷட்டர் ஒன்று கறகறவென்று இறங்கியது. அடுத்தது ஒன்று. அதற்கடுத்தது. சத்தம் தெருவழியே எங்களை நோக்கி நடந்து வந்தது.

அண்ணாச்சி பேச்சை நிறுத்தினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மெதுவாக எழுந்து தன் கையாலேயே தன் ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே வந்து கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். நானும் நின்றேன்.

"யாருன்னு தெரியல்ல, பாவம்" என்றார். "ஆனா நல்ல மனுஷனாத்தான் இருக்கும். எல்லாவனும் ஒரு நிமிஷத்தில அடைச்சானே, பாத்தியா?"

கால் மணி நேரம் கழித்து ஷட்டருக்குக் கீழே ஒரு மலர்வளையம் தெரிந்தது. அதைப் பிடித்திருந்த சுமட்டுத் தொழிலாளி குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"எடே, யாருடே போனது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

அவன் அண்ணாச்சியையே பார்த்தான். "ஈஸ்வரா! மொதலாளிதன்னே!" என்று அலறி, மலர்வளையத்தை அரிசி மூட்டை மேல் போட்டுவிட்டு ஓடினான். மலர்வளையத்தில் அண்ணாச்சியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டு எழுத்துப் பிழை.

விஷயம் புரிய அவருக்கு அரை நிமிடம் ஆனது. நான் அழுதுகொண்டே தூண், பார்டர், பட்டியல், நான்கு பாயிண்ட் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் சிவந்தது. "தூணில ஒட்டினது அவனா? என்னக் கொன்னு ஊருக்குக் காட்டிட்டான் அல்லே?" என்று கத்தினார். கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் ஷட்டருக்குக் கீழே ஒரு தலை நுழைந்தது. தாணுமூர்த்தி அண்ணாச்சி. செருப்பில்லை, சட்டையில்லை, கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. செய்தி சொல்ல அவர் வீட்டுக்கு ஓடிய ஆள், இலை முன்னால் உட்கார்ந்திருந்ததே செயலாளர் என்பதால் பாதிச் செய்தியை விழுங்கிவிட்டு, தலைவர் போய்விட்டார் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். மனிதர் இலையை விட்டு எழுந்து தெருமுழுக்க ஓடி வந்திருக்கிறார்.

ஆறுமுகம் அண்ணாச்சி நிற்பதைப் பார்த்ததும் அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார். "வே, நீரு போயிட்டா நான் யார்கிட்டவே சண்டை போடுவேன்?" என்று விம்மினார். தலைவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு துண்டை அவிழ்த்து அவர் கையில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்துவிட்டார்.

"சாப்பாட்டுல இருந்தா எந்திரிச்சு வந்தீரு?"

"பின்னே?"

"கூறு கெட்ட மனுஷன்" என்றார் தலைவர். அதே துண்டால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, இரண்டு பேரையும்விடச் சத்தமாக அழுதேன்.

பிறகு இருவரும் ஒரே குரலில், "எங்களுக்கு பார்டரே வேண்டாம்" என்றார்கள்.

சனிக்கிழமை ஜெபமணி சார் வந்து மூன்றாம் பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். தெருவே சொல்லியிருக்கும், அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வேலையை விடச் சொல்லுவார் என்று நான் பையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். "ஒண்ணுகூடி நோக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். "வேண்டா" என்றார். பிறகு சுவர்ப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தார். சங்கத் தலைவர், செயலாளர்: பார்டர் கிடையாது. பேனாவை மூடும்போது அவர் தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

உமாவின் கல்யாணம் நடந்தது. இரண்டு சம்பந்திகளும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள், பாத்திரக் கடைக்காரர் வாயைப் பிளந்தார். பல வருடம் கழித்து அவர்கள் நிஜமாகவே ஒருவர் பின் ஒருவராகப் போனபோது இரண்டு அறிவிப்புகளையும் நான்தான் செய்தேன். ஆளுக்கு நான்கு பாயிண்ட். செய்து முடித்து அரைமணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் மிகவும் பிடிக்கும்.

போன மாதம், அத்தான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உமா இறங்கி ஓடி வந்தாள். தலைமுடி நரைத்திருந்தது, காலில் செருப்பில்லை. என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு, அவள் அப்பா அழுத மாதிரியே அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள், அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"எத்தன பாயிண்ட் அக்கா இது?"

"பன்னிரண்டு."

"அடேயப்பா! எங்க அப்பாவுக்கே எட்டுதான். மாமா துவரம்பருப்பு வச்சுக் கேட்டும் கிடைக்கல்ல."

சாயங்காலம் அஞ்சு போன் செய்தாள். பார்டரை ஒரு பாயிண்டாக்கித் திரும்பவும் எல்லாருக்கும் அனுப்பிவிடட்டுமா என்று கேட்டாள். ஆறுமுகம் அண்ணாச்சிக்கும் கிடைக்காத அந்தத் தடியை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.

"வேண்டாம் மோளே, அது அங்க இருக்கட்டு" என்றேன்.